போர்டு பிரசவம் பார்க்காது

வேலங்குப்பம்
14-9-1959

சித்தூர் சம்பந்தி நாகபூஷணம் அவர்களுக்கு செங்கல்வராயன் வணக்கம். இங்கே நானும் வீட்டுக்காரி பொன்னியம்மாளும், மாடு கன்றும் நல்ல சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் என் பெண் மனோரமாவும், திருப்பதியில் வேலையாக இருக்கும் மாப்பிள்ளை கிருஷ்ணப்பாவும் சுகந்தானா என்று எழுதவும்.

மனோரமா முழுகாமல் இருப்பதாக மாப்பிள்ளைதான் எழுதினார். இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஒரு கார்டு போட்டிருக்கலாம். நல்ல செய்தி வந்த நேரத்தில் குறை எழுதாதே என்று பொன்னியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள். அதனால் அதை விட்டுவிட்டேன்.

எழுத வந்தது வேறு. எங்கள் ஊர்ப் பிரசவ வார்டு கட்டி முடிந்து ஆனி மாதத்திலிருந்து பூட்டிக் கிடக்கிறது. ஊர் ஒரு பங்கு போட்டால் சர்க்கார் இரண்டு பங்கு போடும் என்று அதிகாரி மேடையில் சொன்னதை நம்பி இறங்கினோம். கையில் ரொக்கம் இல்லாதவன் கல் சுமந்தான், பனை வெட்டிக் கொடுத்தான். மனை என்னுடையது. நர்சம்மா சம்பளமும் மருந்தும் சர்க்கார் பொறுப்பு. இதுவரை அங்கிருந்து வந்து சேர்ந்தது தெலுங்கில் எழுதின போர்டு ஒன்றுதான். போர்டு பிரசவம் பார்க்காது.

நர்சம்மாவைப் போடச் சொல்லி நாங்கள் அனுப்பின காகிதம் உங்கள் ஆபீசில், உங்கள் மேஜையிலேயே இருப்பதாக விசாரித்ததில் தெரிந்தது. அதை மேலே அனுப்பி வைத்தால், மாசி பங்குனியில் மனோரமாவுக்கு வலி எடுக்கும்போது நர்சம்மா இருப்பாள். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தானே. அந்த வார்டில் பிறக்கிற முதல் குழந்தை என் பேரன்தான் என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஆவன செய்யவும்.

இப்படிக்கு,
செங்கல்வராயன்


சித்தூர்
2-10-1959

சம்பந்தி செங்கல்வராயன் அவர்களுக்கு. க்ஷேமம். அங்கும் அப்படியே இருக்கப் பெருமாள் அருள வேண்டும்.

ஆபீசு விஷயத்தைக் குடும்பக் கடிதத்தில் கலப்பது எனக்குப் பிடிக்காத வழக்கம். நீங்கள் ஆரம்பித்துவிட்டதால் ஒரு தடவை பதில் சொல்கிறேன்.

போன வருஷம் உங்கள் ஊர் பொன்னியம்மன் ஜாத்திரை அன்று என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கூடின கூட்டத்திடம், வார்டு வேண்டும் என்று ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினீர்கள். அதே கையோடு, எங்கள் ஊரை மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று இன்னொரு காகிதத்திலும் வாங்கினீர்கள். மெட்ராஸுக்கு அனுப்பின அந்த மகஜரின் நகல் ஒன்றைச் சித்தூருக்கும் தபாலில் போட்டீர்கள். இரண்டும் ஒரே வாரத்தில் எங்கள் ஆபீசுக்கு வந்தன. இரண்டிலும் அதே பெயர்கள், அதே வரிசை, தலைப்பில் செங்கல்வராயன்.

எங்கள் சூப்பிரண்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஏமய்யா, மீ அரவவாள்ளு மெட்ராசுக்குப் போத்தாரட்ட, நர்சு மாத்ரம் மனமே இவ்வாலா?" என்றார். தமிழ்க்காரர்கள் மெட்ராஸுக்குப் போவார்களாம், நர்சை மட்டும் நாம் கொடுக்க வேண்டுமா என்று அர்த்தம். ஆபீசே சிரித்தது. அங்கே வீட்டில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். நான் அந்தக் காகிதத்தை நகர்த்தினால் சம்பந்தி ஊருக்குச் செய்தான் என்பார்கள். ஆகவே, எல்லை முடிவாகும் வரை அந்தக் கிராமத்தில் செலவு செய்வது உசிதமல்ல என்று நானே குறிப்பு எழுதி வைத்துவிட்டேன். யாரும் என்னை ஒரு சொல் சொல்ல முடியாது.

சீமந்தம் தையில் வைக்கலாம். அதற்குப் பிறகு குழந்தை பிறக்கும் வரை எல்லாம் உங்கள் பொறுப்பு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நாகபூஷணம்


வேலங்குப்பம்
12-10-1959

சம்பந்தி நாகபூஷணம் அவர்களுக்கு வணக்கம். இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

நீங்களே எழுதி வைத்த குறிப்புக்கு ஊர் சார்பில் நன்றி. வேறு யாராவது எழுதியிருந்தால் உங்களிடம் வந்து முறையிடலாம் என்று இருந்தேன்.

மெட்ராஸ் சர்க்காருக்கும் எழுதினேன். எங்களை எப்போது சேர்த்துக்கொள்வது என்பது இருக்கட்டும், ஒரு நர்சம்மாவையாவது அனுப்புங்கள் என்றேன். உங்கள் கிராமம் தற்போது ஆந்திர ராஜ்யத்தில் உள்ளபடியால் அங்கேயே விண்ணப்பித்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. நீங்கள் அங்கே போ என்கிறீர்கள், அவர்கள் இங்கே போ என்கிறார்கள். கிஸ்தி வாங்க வருகிற ஆள் மட்டும் எல்லை முடிவாகட்டும் என்று காத்திருப்பதில்லை. போன வாரம்கூட வந்து வாங்கிப்போனான்.

ஆமாம், மகஜரில் கையெழுத்துப் போட்டேன். தமிழ் பேசுகிறவன் தமிழ் ராஜ்யத்தில் இருக்க ஆசைப்பட்டது குற்றமா? அதற்குத் தண்டனை கொடுப்பதாக இருந்தால் எனக்குக் கொடுங்கள். ஊர்ப் பெண்களின் வயிற்றில் ஏன் கொடுக்கிறீர்கள்? உங்கள் மருமகள் வயிறும் எல்லைக் கமிஷனுக்காக நின்றுகொண்டிருக்காது.

உங்களைக் கேட்டது உபகாரம் இல்லை. நாங்கள் பங்கு போட்ட காரியத்தில் சர்க்கார் போட வேண்டிய பங்கைக் கேட்டோம். ஆபீசில் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்களா என்று எழுதவில்லை.

செங்கல்வராயன்


வேலங்குப்பம்
20-12-1959

சித்தூர் சம்பந்தியம்மா ரத்தினம்மாளுக்குப் பொன்னியம்மா கும்புடறேன். நான் சொல்லச் சொல்ல என் தங்கச்சி மவ செல்வி எழுதறா. நீங்க நல்லா கீறீங்களா, காலு வீக்கம் கொறஞ்சுதா? நான் எழுதறது எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியாது. உங்க ஊட்டுக்காரருக்கும் தெரிய வேணாம்.

ஆம்பளைங்க ரெண்டு பேரும் காயிதத்துல சண்ட போட்டுக்கினு கீறாங்க. போடட்டும். எனக்கு என் பொண்ணு வோணும். என் நாத்தனார் மவ போன வருசம் இதே ஊர்ல தலப்பிரசவத்துல செத்துப் பூட்டா. மருத்துவச்சி பச்சையம்மாளுக்கு இப்போ கண்ணு தெரியல. நர்சம்மா வரப்போறா, வரப்போறான்னு இவுரு சொல்லிக்கினே கீறாரு. எங்க கீறா அந்த நர்சம்மா?

உங்க தெருக்கோடியிலதான பெரியாஸ்பத்திரி கீது. சீமந்தம் முடிஞ்சதும் வழக்கத்துக்கு வாசல் வரைக்கும் பொண்ண இட்டுனு வந்துட்டு, மறுபடியும் உள்ள உட்டுடுங்க. அவ அங்கயே பெத்துக்கட்டும். நான் வந்து கூட இருக்கறேன். நான் துன்ற அரிசிய நானே கொண்டாரேன். ஒரு மூலையில படுத்துக்கறேன். உங்க ஊட்ல ஒரு வேலையும் மிச்சம் வெக்கமாட்டேன்.

நீங்களும் பெத்தவதான். உங்களுக்குத் தெரியும்.

பொன்னியம்மா
(செல்வி எழுதியது)


சித்தூர்
8-1-1960

சம்பந்தி செங்கல்வராயன் அவர்களுக்கு. க்ஷேமம்.

உங்கள் மனைவி உங்களுக்குத் தெரியாமல் என் மனைவிக்கு எழுதியிருக்கிறார். ரத்தினம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. அவளுக்கு வரும் கடிதத்தை நான்தான் படித்துச் சொல்வது வழக்கம். படித்தேன். அந்தக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தலைப்பிரசவத்தைப் புகுந்த வீட்டில் வைத்துக்கொண்ட குடும்பம் எங்கள் வழியில் கிடையாது. அப்படி வைத்தால், பெண்ணைப் பெற்றவர்களுக்கு வக்கில்லை என்று தெருவே பேசும். உங்களுக்கு அது பரவாயில்லை என்றாலும் எனக்கு அப்படி இல்லை. பெரியாஸ்பத்திரி இலவச வார்டு ஏழைகளுக்கு. என் சம்பளத்துக்குப் பணம் கட்டுகிற வார்டில்தான் சேர்க்க வேண்டும். தலைப்பிரசவச் செலவு பெண் வீட்டாருடையது. ஆகவே அந்த பில்லை உங்களுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். உங்களால் ஆகுமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சீமந்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ரத்தினம்மா ஆசாரியை வைத்துத் தேக்கில் ஒரு தொட்டில் செய்திருக்கிறாள். செய்ய வேண்டாம், அது பெண் வீட்டுச் சீர் என்று சொன்னேன், கேட்கவில்லை. வண்டியில் அதற்கும் இடம் வைத்துக்கொண்டு வரவும்.

நாகபூஷணம்


வேலங்குப்பம்
12-2-1960

நாகபூஷணம் அவர்களுக்குச் செங்கல்வராயன் எழுதுவது. பெண்ணும் தொட்டிலும் சேதமில்லாமல் ஊர் வந்து சேர்ந்தன.

உங்கள் தெருக்கோடி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். வாசலில் பிள்ளைத்தாய்ச்சிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொன்னியம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். உங்கள் வீட்டுக்கு எழுதினதற்காக அவளை நான் வைதுவிட்டேன். அன்றிலிருந்து சோறு போடுகிறாள், பேச்சு இல்லை.

என்னால் ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்டவர் கூசினதாகச் சொன்னதால் பதில் சொல்லாமல் விடுகிறேன்.

திருத்தணி ஆஸ்பத்திரிக்கு இப்போதே கூட்டிப்போய்விடலாம் என்று வீட்டில் பெண்கள் அழுகிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். என் வாய்ச்சொல்லை நம்பி ஊர் பங்கு போட்டிருக்கிறது. கட்டினவன் தன் பெண்ணை வேறு ஊருக்கு அனுப்பினால், நாளைக்கு அந்த வார்டுக்குள் எவள் கால் வைப்பாள்? சுண்ணாம்பு அடித்துக் கட்டில் போட்டாகிவிட்டது. பூட்டையும் எடுத்துவிட்டேன். நர்சம்மா வந்தாலும் வராவிட்டாலும் முதல் குழந்தை அங்கேதான் பிறக்கும். பிறந்த பிறகு உங்கள் சூப்பிரண்டுக்குச் சர்க்கரை அனுப்புகிறேன்.

உங்கள் நாற்காலி உங்களுக்கு, என் வார்த்தை எனக்கு.

செங்கல்வராயன்


சித்தூர்
18-3-1960

சம்பந்தி அவர்களுக்கு. இங்கு யாவரும் க்ஷேமம். மனோரமாவின் க்ஷேமத்துக்கு உடனே எழுதவும்.

சேதி கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லைப் பட்டியல் எங்கள் ஆபீசுக்கு வந்துவிட்டது. ஏப்ரல் முதல் தேதி திருத்தணி மெட்ராஸுக்குப் போகிறது. வேலங்குப்பம் போகவில்லை, ஆந்திராவிலேயே இருக்கிறது. நீங்கள் ஜாத்திரையில் ஊரைக் கூட்டிக் கைநாட்டு வாங்கினதெல்லாம் வீண். இதை நான் சந்தோஷத்தோடு எழுதுகிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். கொஞ்சம் சந்தோஷம்தான்.

எல்லை முடிவானதால் என் குறிப்புக்கும் இனி வேலையில்லை. முந்தாநாளே எடுத்துவிட்டு, நர்சு போடலாம் என்று எழுதி மேலே அனுப்பினேன். புது வருஷத்து ஒதுக்கீட்டில் உத்தரவு வந்துவிடும். காகிதத்துக்கு உரிய காலம் வரும்போது காகிதம் தானே நகரும். அதைத்தான் உங்களுக்கு முதலிலிருந்தே சொல்லிவந்தேன்.

நாள் நெருங்கிவிட்டதே, ஏன் ஒரு வரியும் இல்லை? திருப்பதியிலிருந்து கிருஷ்ணப்பாவும் போன ஞாயிறு வரவில்லை. பிறந்தது பெண் என்பதால் எழுதக் கூச்சப்படுகிறீர்களா? பெண் என்றாலும் எழுதலாம். ரத்தினம்மா தினமும் தபால்காரனை நிறுத்திக் கேட்கிறாள்.

நாகபூஷணம்


வேலங்குப்பம்
2-4-1960

மாமாவுக்கு மனோரமா எழுதுவது. வணக்கம் எழுதச் சொல்லி அம்மா சொன்னாள். எழுதிவிட்டேன். உங்கள் சுகத்தை நான் விசாரிக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் திருத்தணி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். உங்கள் மகன் தந்தி கிடைத்து முன்னமே வந்திருந்தார். அவரை உங்களுக்கு எழுத வேண்டாம் என்றேன். நான்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். இப்போதுதான் உட்கார முடிகிறது.

வார்டில்தான் வலியோடு படுத்திருந்தேன். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. முதல் நாள் சாயந்திரமே பச்சையம்மாள், "என்னால ஆவாது, சாமி. டவுனுக்கு இட்டுனு பூடுங்க" என்றாள். அம்மா வண்டி கட்டச் சொன்னாள். நைனா வாசற்படியில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் பாக்கலாம். ஊரே வெளிய நிக்குது, இன்னா சொல்லிட்டு இட்டுனு போறது?" என்றார். மறுநாள் மத்தியானம் அம்மாவே மாட்டை அவிழ்த்து வண்டியில் பூட்டினாள். நைனாவைத் தள்ளிவிட்டுத்தான் என்னைத் தூக்கிவந்தாள். அம்மா அவரைத் தொட்டுத் தள்ளினதை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

திருத்தணி டாக்டரம்மா எந்த ராஜ்யம் என்று கேட்கவில்லை. நேற்றே ஏன் கொண்டுவரவில்லை என்றுதான் கேட்டார். ஆண் குழந்தை. நிறைய முடி. அழவே இல்லை. கூச்சப்படுகிறீர்களா என்று கேட்டிருந்தீர்களே, இதுதான் பதில்.

நைனா என் முன்னால் வருவதில்லை. வார்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அதைக் கேட்டு உங்களுக்குத் திருப்தி வர வேண்டும் என்று எழுதவில்லை. அவர் தன் வார்த்தையைக் காப்பாற்ற என்னை அங்கே படுக்க வைத்தார். நீங்கள் உங்கள் நாற்காலியைக் காப்பாற்ற அந்த நர்சம்மாவை நிறுத்தி வைத்தீர்கள். இரண்டு பேரும் ஆறு மாதம் கடிதம் எழுதிக்கொண்டீர்கள். ஒன்றிலாவது எனக்கு எங்கே பெற்றுக்கொள்ள இஷ்டம் என்று கேட்டீர்களா? உங்கள் வீட்டில்தானே இருந்தேன், தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற தூரத்தில்.

தலைப்பிரசவம் பெண் வீட்டாருடையது என்றீர்கள். சரி. புதைத்ததும் பெண் வீட்டார்தான். அந்தச் செலவையும் உங்களிடம் கேட்கவில்லை.

அடுத்தது இருந்தால் அது புருஷன் வீட்டில் என்பதும் வழக்கம். நீங்கள் சொல்லித்தான் தெரியும். என் புருஷன் வீடு எது என்று அவரிடமே கேட்டேன். திருப்பதியில் பார்க்கிறேன் என்றார். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சித்தூருக்கு வரமாட்டேன்.

அத்தையிடம் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டவும். பாதியில் நிறுத்த வேண்டாம். அவர் செய்து கொடுத்த தொட்டிலை வார்டில் வைத்துவிட்டேன்.

மனோரமா


சித்தூர்
25-4-1960

செங்கல்வராயன் அவர்களுக்கு.

க்ஷேமம் என்று எழுத வரவில்லை.

மனோரமாவின் கடிதத்தை ரத்தினம்மாவுக்கு முழுக்கப் படித்தேன். முடித்ததும், பொன்னியம்மாள் எழுதின கடிதத்தையும் படித்துக் காட்டச் சொன்னாள். அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன். வார்த்தைக்கு வார்த்தை அது ஞாபகம் இருந்ததால் சொல்லவும் செய்தேன். "அன்னிக்கு எனக்கு இன்னான்னு படிச்சீங்க? சும்மா சொகம் விசாரிச்சு எழுதியிருக்காங்கன்னுதான?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. உங்கள் வீட்டில் நடந்தது என் வீட்டிலும் நடக்கிறது.

ஒன்று கேட்கிறேன். வலி கண்டதும் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு காரைப் பிடித்துச் சித்தூருக்கு வந்திருந்தால் நான் கதவைச் சாத்தியிருப்பேனா? அந்த அளவுக்கு என்னை நினைத்தீர்களா? வழக்கம் பேசினேன், ஒப்புக்கொள்கிறேன். வழக்கத்தை நானா உண்டாக்கினேன்? குறிப்பு எழுதினேன். அந்த ஆபீசில் வேறு எவனாவது என் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பான். உங்கள் பெண்ணை வாசற்படியில் நின்று மறித்தவன் நான் இல்லை.

நர்சு உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது. மே மாதம் வந்து சேருவாள். மருந்துப் பெட்டியும் கூட வரும். எப்போதும் ஆபீசுத் தபாலில் மெதுவாகப் போகிற காகிதத்தை, இந்தத் தடவை நானே கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். சூப்பிரண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒரே நாளில் முடிந்தது.

மனோரமாவைச் சித்தூருக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

நாகபூஷணம்


வேலங்குப்பம்
6-6-1960

நாகபூஷணம் அவர்களுக்குச் செங்கல்வராயன்.

ஒரே நாளில் முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பல தடவை படித்தேன். செப்டம்பரில் கேட்டேன்.

நர்சம்மா வந்துவிட்டார். நெல்லூர்ப் பக்கம். தமிழ் வராது, ஆனாலும் நம் பெண்களுக்கு அவர் சொல்வது புரிகிறது. போன வெள்ளிக்கிழமை வார்டில் முதல் குழந்தை பிறந்தது. வார்டு கட்டப் பனை வெட்டிக் கொடுத்த வீராசாமி என்பவனின் மருமகளுக்கு. பெண் குழந்தை, நல்ல குரல். உங்கள் வீட்டுத் தொட்டிலில்தான் போட்டார்கள். இவ்வளவு நல்ல தேக்குத் தொட்டில் யார் கொடுத்தது என்று ஊரில் கேட்டார்கள். ஆந்திர சர்க்கார் கொடுத்தது என்று சொன்னேன். நம்பிவிட்டார்கள்.

நீங்கள் என்னைக் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். வாசற்படியில் நான் நின்றது உண்மை. உங்களிடம் அதைப் பேச எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் அதைக் கேட்கிற ஆளும் இல்லை.

மாப்பிள்ளை திருப்பதியில் அலிபிரி போகிற பாதையில் ஒரு வீடு பிடித்திருக்கிறார். மனோரமா வியாழக்கிழமை ரயிலில் போகிறாள். பொன்னியம்மாள் கூடப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவாள். சம்பந்தியம்மா எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று மனோரமா சொன்னாள். அதை அவரிடம் படித்துக் காட்டவும்.

நான் சொன்னால் கேட்பாள் என்று எழுதியிருந்தீர்கள். சித்தூர் பேச்சை நான் எடுக்கவில்லை. திருப்பதி வீடு வரைக்கும் கொண்டுவந்து விடட்டுமா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

நகரி ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியைத் தூக்கிவர எனக்கு உத்தரவு கொடுத்திருக்கிறாள். உங்களுக்கு அதுவும் இல்லை.

செங்கல்வராயன்